கட்சி சாராமல் வார்டுக்கு வேலை செய்வது எப்படி: புதிதாகத் தொடங்கும் குழுக்களுக்கு

தெருவில் தண்ணீர் தேங்குகிறது, குப்பை வண்டி ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை, கவுன்சிலரிடம் சொன்னால் "பார்க்கலாம்" என்கிறார், வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் நிரம்பி வழிகிறது, ஆனால் எதுவும் நகரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியிலோ மாநகராட்சியிலோ இப்படி ஒரு வார்டில் இருந்துகொண்டு, நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாமே என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் குழுவிடம் பணம் இருக்காது, ஆள்பலம் இருக்காது, ஓட்டு வங்கியும் இருக்காது. இருக்கக்கூடியது ஒன்றுதான்: இவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், யாருக்காகவும் வளைத்துச் சொல்ல மாட்டார்கள் என்கிற பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க ஓரிரு வருஷம் ஆகும், ஒரே ஒரு தப்பான துண்டறிக்கையில் அது போய்விடும். அதனால் படிப்பது முதலில், கேட்பது அப்புறம்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைக்கப்போகும் தருவாயில், 1920 பிப்ரவரியில் சிகாகோவில் பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத் தலைவர் கேரி சாப்மன் கேட் முன்னின்று தொடங்கிய 'லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்' (பெண் வாக்காளர் அமைப்பு) இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பிரச்சினையை உறுப்பினர்கள் எடுத்துப் படிப்பார்கள், கூடிப் பேசி ஒரு நிலைப்பாட்டுக்கு வருவார்கள், அதற்குப் பிறகுதான் அதற்காக வெளியே பேசுவார்கள். எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. சென்னையிலேயே 1985 முதல் நுகர்வோர், குடிமைப் பிரச்சினைகளில் வேலை செய்யும் 'சிஏஜி' (அரசின் தணிக்கைத் துறை இல்லை, ஒரு தன்னார்வ அமைப்பு), 1989இல் தொடங்கித் தெருத்தெருவாகக் குப்பை வேலையை எடுத்துச் செய்த 'எக்ஸ்னோரா' என்று முன்னோடிகள் உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டும் என்றில்லை, ஒரு வார்டுக்கு அந்த முறை போதும்.

முதலில் ஆட்கள்

ஐந்து முதல் பத்துப் பேர் போதும். எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பதுதான் முக்கியம். நம் ஊரில் குடியிருப்போர் நலச்சங்கம் என்றாலே பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள் சங்கம்தான். வாடகைக்கு இருப்பவர்கள், வார்டின் தாழ்வான பக்கத்தில் இருக்கும் குடிசைப் பகுதி, தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். பிறகு அந்தச் சங்கம் "எங்கள் தெருத் தண்ணீர் வடிய வேண்டும்" என்று போராடி ஜெயிக்கும், அந்தத் தண்ணீர் போய் நிற்கிற இடம் குடிசைப் பகுதியாக இருக்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை, எந்த ஊரிலும் மழைக்காலத்தில் நடந்து பார்த்தால் தெரியும். ஆகவே முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே வார்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒருவராவது வருகிறாரா, பெண்கள் பாதியாவது இருக்கிறார்களா, எல்லோரும் ஒரே சாதிக்காரர்களாக இல்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டுத் தேடுங்கள்.

கூட்டம் நடத்தும் இடம் நூலகம், பள்ளி, பொதுவான ஏதாவது ஒரு கூடம் என்று இருக்கட்டும். கட்சிக்காரர் அலுவலகம் வேண்டாம், கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ வேண்டாம், ஒருவர் வீட்டு மாடியும் நாளடைவில் "அவர் குழு" என்று ஆகிவிடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாக ஞாயிறு மாலையில் வையுங்கள்.

பதிவு செய்ய வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கையோ வரவு செலவோ ஒரு அளவைத் தாண்டினால் பதிவு கட்டாயமாகிறது, அதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் பொதுக்குழு, கணக்கு, படிவம் என்று வேலை இருக்கும். ஏழெட்டுப் பேராகப் பணம் வாங்காமல் தொடங்கி, ஒரு ஆய்வை முடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பதிவுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. துணை விதிகள் எழுதுவதிலேயே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்ட குழுக்கள் நிறைய.

கட்சி சார்பின்மையை எழுதி வையுங்கள்

"நாங்க எந்தக் கட்சியும் இல்லீங்க" என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கேட்கிறவர்களுக்குக் காட்டுங்கள். உறுப்பினர் எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடலாம், கட்சியில் உறுப்பினராகக்கூட இருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் குழுவில் பொறுப்பு வகிக்கக் கூடாது. தேர்தலில் நிற்க முடிவெடுத்தால் அன்றைக்கே குழுப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். கட்சிக்காரர்களிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் நன்கொடை வாங்கக் கூடாது, அது டீச் செலவாக இருந்தாலும் சரி. எந்தத் தலைவர் படமும் குழுவின் பேனரில் வராது. குழுவின் வாட்ஸ்அப்பில் கட்சிச் செய்தி, சாதிச் செய்தி, மதச் செய்தி எதுவும் கிடையாது. போட்டால் ஒருமுறை சொல்வோம், மறுபடி போட்டால் நீக்குவோம்.

இன்னொன்று. கவுன்சிலர் ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, அவரோடு பேச வேண்டும், அவர் நம் வார்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால் தனியாகப் போகாதீர்கள், எப்போதும் இரண்டு மூன்று பேராகப் போங்கள், போய் வந்ததும் என்ன பேசினோம் என்று குழுவில் எழுதிவிடுங்கள். சந்தேகம் முளைப்பது எப்போதும் தனிச் சந்திப்பில்தான்.

எது யாருடையது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரே சாலையில் தார் ஒரு துறையுடையது, ஓரத்து வடிகால் இன்னொன்றுடையது, கம்பத்து விளக்கு உள்ளாட்சியுடையது, அதே இடத்தில் நிற்கும் மின்மாற்றி மின்வாரியத்துடையது. பேருந்து போகும் பெரிய சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும், நகராட்சி ஆணையரிடம் எத்தனை மனு கொடுத்தாலும் அவரால் அதைத் தொட முடியாது. ஏரியோ ஆற்று வாய்க்காலோ என்றால் நீர்வளத் துறையாக இருக்கலாம், சிறிய குளமென்றால் உள்ளாட்சியாக இருக்கலாம். முதல் மாதத்தில் வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, வார்டின் வரைபடம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு சாலையும் வாய்க்காலும் பூங்காவும் யார் கையில் என்று குறித்துவிடுங்கள். நிலம் குறித்த சந்தேகத்துக்கு அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு), புல வரைபடம் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். இந்த ஒரு தாள் உங்களை மற்ற மனுதாரர்களிடமிருந்து தனியாகக் காட்டும்.

அப்படியே உங்கள் உதவிப் பொறியாளர் யார், துப்புரவு ஆய்வாளர் யார் என்று தெரிந்துகொண்டு நேரில் போய் அறிமுகமாகுங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், சும்மா போங்கள். பல வேலைகள் எங்கே மாட்டி நிற்கின்றன என்பது மேலே இருப்பவர்களைவிட உதவிப் பொறியாளருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு பிரச்சினை, முழுதாக

பத்துப் பிரச்சினையை ஒன்றாக எடுக்காதீர்கள். முதல் வருஷம் ஒன்று. மழைநீர் தேங்குவதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலான ஊர்களில் அதுதான் முதலில் வரும்.

ஜூலை, ஆகஸ்டில் வடிகாலை முழுவதும் நடந்து பாருங்கள். தொடங்குமிடத்திலிருந்து தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் வரைக்கும், அது உங்கள் வார்டைத் தாண்டினாலும் விடாமல் போங்கள். எங்கே மூடி இல்லை, எங்கே வண்டல் அடைத்திருக்கிறது, எந்த வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் இறங்குகிறது, எந்த இடத்தில் வடிகால் கட்டிக்கொண்டே வந்து பாதியில் நிற்கிறது, சிறுபாலத்தின் திறப்பு வடிகாலைவிடக் குறுகலாக இருக்கிறதா, எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வரைபடத்தில் குறியுங்கள். வீட்டு வாசலைவிடச் சாலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால் வீடுகள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் ஏராளம். சுரண்டிய பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார், அதை மனுவில் குறிப்பிடலாம்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை வரும்போது வேறு மாதிரி வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு கனமழைக்கும் எந்தெந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று தெருவுக்கு ஒருவர் எழுத வேண்டும். காம்பவுண்டு சுவரில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தால் போதும். "முழங்கால் அளவு தண்ணீர்" என்று எழுதாதீர்கள், செண்டிமீட்டரில் எழுதுங்கள். ஒரு பருவத்தின் இந்தக் குறிப்பு கையில் இருந்தால், "அங்கேயெல்லாம் தண்ணி நிக்கறதில்லையே" என்கிற பதில் அத்தோடு முடிந்தது.

அதோடு தாழ்வான பக்கத்து மக்களிடம் போய்க் கேளுங்கள். மேட்டுத் தெருவில் வடிகாலை ஆழப்படுத்தினால் தங்களுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய வாய்க்கால் எங்கே போனது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆர்டிஐ போடும்போது

கண்ணால் பார்த்தது பாதிதான், மீதி கோப்பில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2005 உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல கருவி, ஆனால் பெரும்பாலானோர் அதைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தி வீணாக்குகிறார்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் வடிகால் கட்டவில்லை?" என்று கேட்டால் தகவல் இல்லை என்றுதான் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன வார்டில் நடந்த மழைநீர் வடிகால் பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம்) சம்பந்தப்பட்ட பக்கங்கள், பட்டுவாடா விவரம், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) குறிப்பிடப்பட்ட ஒப்பந்தப் பக்கம், இவற்றின் நகல் என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு. மன்றக் கூட்டத் தீர்மானங்களையும் கேட்கலாம்.

விண்ணப்பம் குழுவின் பெயரில் வேண்டாம். சட்டம் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது, ஆகவே ஒருவர் தன் சொந்தப் பெயரில் போட வேண்டும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இணையவழியாகவும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் அரைகுறையாக வந்தாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம், அங்கே காத்திருப்பு நீளமாகவே இருக்கும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: நகல் கேட்பதற்குப் பதில் கோப்பை நேரில் பார்வையிடவும், நடக்கும் பணியை ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்வையிடுவதுதான் சிறந்த வழி என்பேன். என்ன தாள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேவையானதை மட்டும் நகல் வாங்கலாம். ஒரேயடியாக இருபது விண்ணப்பம் போட்டு அலுவலகத்தைத் திணறடிக்காதீர்கள், அதில் உங்களுக்கு எதிரிகள்தான் கிடைப்பார்கள்.

கூடிப் பேசி நிலைப்பாடு எடுப்பது

ஆய்வு முடிந்தது, நாலு பக்கத்தில் எழுதியாகிவிட்டது. இப்போது உடனே கமிஷனரிடம் ஓடாதீர்கள். எழுதியதைக் குழுவுக்கு வெளியே இருப்பவர்களையும் அழைத்து, தமிழில், சத்தமாக வாசியுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் அந்தக் கூட்டத்தில் சரிசமமாகப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் வாசிக்கச் சொல்கிறேன். மூன்று கேள்விகளை மட்டும் முன்வையுங்கள்: நாம் கண்டுபிடித்தது சரியா, இதற்கு எது தீர்வு, அந்தத் தீர்வால் யாருக்காவது நஷ்டம் வருமா.

மூன்றாவது கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். நடைபாதைக் கடைகளை எடுத்துக்கொள்வோம். பாதிப்பேர் "எல்லாவற்றையும் அகற்று" என்பார்கள். ஆனால் 2014ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், அது முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை இருக்கிற வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது, வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். இதைப் படிக்காமல் ஒரு குழு "அகற்று" என்று மனு கொடுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பான ஒன்றைக் கேட்டதாக ஆகும். படித்துவிட்டு உட்கார்ந்தால், கணக்கெடுப்பு நடந்ததா, விற்பனைப் பகுதி எங்கே ஒதுக்கலாம், நடப்பதற்கு எத்தனை அடி விட வேண்டும் என்று பேச்சு வேறு திசையில் போகும், பூக்காரம்மாவும் அதே கூட்டத்தில் இருந்து பேசுவார்.

கை தூக்கிப் பெரும்பான்மை எண்ணுவதைக் கூடியவரை தவிருங்கள். எட்டுக்கு ஏழு என்று ஜெயித்த முடிவு குழுவை இரண்டாக்கும். பெரும்பாலானோர் ஒத்துவரும் வரை வார்த்தையைத் திருத்துங்கள், ஒத்துவராவிட்டால் அந்த விஷயத்தில் குழுவுக்கு நிலைப்பாடு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாற்றுக் கருத்து சொன்னவர் பெயரோடு அதைக் குறிப்பேட்டில் பதியுங்கள். முடிவெடுத்த பிறகு வெளியே எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும், ஒத்துவராதவர் சும்மா இருக்கலாம், ஆனால் குழுவின் பெயரில் எதிராகப் பேசக் கூடாது.

எங்கே கொடுப்பது, எப்போது கொடுப்பது

மனு ஒரு பக்கம், ஒரு விஷயம். பெறுநர், பொருள், பார்வை, நாம் கேட்பது என்ன, இணைப்பாக வரைபடமும் அளவுகளும் படங்களும். "நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மொட்டையாக முடிக்காமல், இந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்தச் சிறுபாலம் வரை இத்தனை மீட்டர் வடிகால் இணைப்பு என்று கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

காலம் ரொம்ப முக்கியம். உள்ளாட்சிகளின் பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும், மார்ச்சில் போய்க் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். டிசம்பருக்குள் உங்கள் அறிக்கை கவுன்சிலர் கையிலும் பொறியாளர் கையிலும் இருக்க வேண்டும். மக்கள் பங்களிப்போடு செய்யக்கூடிய சிறிய வேலைகளுக்கு 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது, பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும்.

நகரங்களில் 2022இல் வந்த விதிகளின்படி கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டியும், வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் ஏரியா சபையும் இருக்க வேண்டும். சென்னையில் வார்டுக்குப் பத்து ஏரியா சபைகள். ஏரியா சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பல இடங்களில் எப்போது கூடியது என்றே மக்களுக்குத் தெரிவதில்லை, ஆகவே அடுத்த கூட்டம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள், கடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை ஆர்டிஐயில் கேளுங்கள், கூட்டம் நடக்கும்போது உங்கள் ஆய்வை அங்கே வையுங்கள். ஊராட்சிப் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு. அதில் நிறைவேறும் தீர்மானத்துக்குத் தனி மதிப்பு உண்டு, தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், 1100 எண் உதவி மையம் இவையும் இருக்கின்றன. ஆனால் கீழே பேசிப் பார்க்காமல் நேரே மேலே போகாதீர்கள், மனு சுற்றி வந்து அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும், இந்த முறை அவர் கோபமாக இருப்பார்.

தேர்தல் வரும்போது

2016இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. அத்தனை வருஷம் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அதனால்தான் சொல்கிறேன், கவுன்சிலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யக்கூடிய குழுவாக உங்களுடையது இருக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் வேட்பாளர் சந்திப்பு நடத்துங்கள். சுயேச்சை உட்பட எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம், ஒரே கேள்விகள், ஒரே நேர அளவு, நன்னடத்தை விதிகள் அமலில் இருப்பதால் தேர்தல் அலுவலரின் அனுமதி எழுத்தில். கேள்விகள் நீங்கள் ஆய்வு செய்த விஷயங்களிலிருந்து வரட்டும். யாராவது "இந்தக் கேள்வி வேண்டாம், எங்கள் ஆட்கள் முன்வரிசையில் உட்காரட்டும்" என்று நிபந்தனை போட்டால் கூட்டத்தையே விட்டுவிடுங்கள். மேலே சொன்ன அமெரிக்க லீக் 1976, 1980, 1984 அதிபர் தேர்தல்களில் விவாதங்களை நடத்தியது. 1988இல் இரண்டு வேட்பாளர்களின் தரப்பும் தங்களுக்குள் பேசி நிபந்தனைகளை முடிவு செய்துகொண்டு வந்தபோது, நடத்த மாட்டோம் என்று விலகிக்கொண்டது. அவ்வளவு பெரிய மேடையையே விட்டுக்கொடுத்தார்கள், நமக்கு ஒரு கல்யாண மண்டபக் கூட்டம் பெரிதில்லை.

வேலை நடந்த பிறகு

பணி ஆணை வந்துவிட்டால் குழுவின் வேலை முடியவில்லை. வடிகால் கட்டும்போது தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், சண்டை போட அல்ல, மதிப்பீட்டில் இருக்கும் ஆழமும் அகலமும் வருகிறதா என்று அளக்க. குறை இருந்தால் அன்றைக்கே பொறியாளரிடம் படத்தோடு சொல்லுங்கள், சிமெண்ட் போட்டு மூடிய பிறகு சொல்லிப் பயனில்லை. நன்றாகச் செய்தால் உதவிப் பொறியாளருக்கு நன்றிக் கடிதம் எழுதி, நகலை ஆணையருக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் வருவது அபூர்வம்.

அடுத்த மழைக்காலத்தில் அதே இடங்களில் மறுபடியும் அளந்து, முன்னால் எழுதியதோடு ஒப்பிட்டு, முடிவை வார்டு மக்களுக்குச் சொல்லுங்கள். குறையவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பொறுப்புகளை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஆர்டிஐ பதில்கள், அளவுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து இரண்டு பேர் வீட்டில் நகல் வையுங்கள், செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். புதிதாக வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கோப்பை முழுதாகப் படிப்பது, அதற்குப் பிறகு அவருக்கு ஒரு தெருவைக் கொடுங்கள்.